மீன்காரரின் வெள்ளை வெளிச்சம்

அக்கரைப்பற்று நெல் ஆலை வேலையை விட்டுவிட்டு, வேறு வேலை தேடி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். மஃரிப் தொழுகை கழிந்து இருட்டிய நேரம். ஒலுவிலைத் தாண்டியதும், எதிரே வந்த மோட்டார் சைக்கிளின் வெள்ளை வெளிச்சம் கண்ணைப் பறித்தது. பாதை தெரியாமல் வடிகானுக்குள் விழுந்தேன். முழங்கால் கிழிந்தது.

வண்டியை நிறுத்திவிட்டு ஒருவர் ஓடிவந்து தூக்கினார். வண்டியில் மீன்பெட்டி கட்டியிருந்தது. அவருக்கு முன்பற்கள் இல்லை.

"லைட்டக் குறைச்சா என்ன காக்கா?" என்று மூத்தவர் என்றும் பாராமல் கத்தினேன்.

"முந்தி குறைஞ்ச லைட்டோடதான் ஓடின. றோட்டுல படுத்த மாட்டுல மோதி பல்லுப் போயிட்டு. அதுதான் இந்த பல்பு போட்ட."

"எதிர வாறவன்ட கண்ணு?"

"அவனும் இப்படி ஒண்டப் போடட்டுமே."

"நான் நடந்துதானே வாறன்! நெத்தியில கட்டவா?"

சிரித்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரன் நுனியால் விளக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தன் வேலையைப் போட்டுவிட்டு, வண்டியைத் திருப்பி, என்னை நிந்தவூர் வரை ஏற்றிப்போனார். பின்னால் இருந்த எனக்குப் பாதையின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. எதிரே வந்தவர்கள் கையால் முகத்தை மறைத்தார்கள். பிள்ளையோடு சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கியே நின்றுவிட்டார். ஒருவருக்காகவும் இவர் வெளிச்சத்தைக் குறைக்கவில்லை.

"காலுக்கு மருந்து போடுங்க தம்பி," என்று இறக்கிவிட்டார். மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை நிந்தவூரில் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வேலை, ஒருவனின் மோட்டார் சைக்கிளுக்கு அதே மாதிரி வெள்ளை பல்பு பூட்டுவது. "நல்லா நிமித்தி வை," என்றான் வண்டிக்காரன். அவன் தேத்தண்ணி குடிக்கப் போனதும், விளக்கை நிலம் பார்க்கத் தாழ்த்தி இறுக்கினேன்.