கண்ணாடி ஹோஸ்

மன்னாருக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான வங்காலையில் படகு எஞ்சின் பழுதென்றால் சந்தியோகுவைத்தான் தேடுவார்கள். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடமாக அவர் கை படாத எஞ்சின் அந்தக் கரையில் இல்லை என்று அவரே சொல்லுவார். தெரியாது என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது.

வீட்டு முற்றத்தில் நின்ற பழைய ஆமைக் காரும் அந்தப் பெருமையில் ஒரு பங்குதான். அதற்கு எஞ்சின் பின்பக்கம். தண்ணீர் கிடையாது, காற்றுத்தான் சூடு தணிக்க வேண்டும். மனுசன் சும்மா இருக்காமல் பெரிய சிலிண்டர்களும் இரண்டு காபரேட்டரும் பூட்டிவிட்டார். அதோடு வந்தது வில்லங்கம். வேகம் பிடித்தால் பெற்றோல் போதாமல் கார் இருமத் தொடங்கும். நேற்றுப் பின்னேரம் பழைய பம்பைக் கழற்றிவிட்டு, பற்றரியில் ஓடும் புதுப் பம்ப் ஒன்றை முன்னால் பெற்றோல் டாங்கிக்குப் பக்கத்தில் வைத்தார். பின்னால் காபரேட்டர்களுக்குப் பெற்றோல் போகப் புது ஹோஸ் குழாய் போட்டார். இருமல் நின்றது. காலையில் மகள் பெற்றிசியா அந்தக் காரில் மன்னாருக்குப் படிப்பிக்கப் போனாள்.

அவள் போய்ச் சற்று நேரத்தில், மீன்பிடிக்கும் நிறோஜன் தன் படகு எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கினான்.

"அண்ணை, ஹோஸ் கழண்டு நடுக்கடலில நிண்டுபோச்சு."

சந்தியோகு ஹோஸை விரலால் அழுத்திப் பார்த்தார். எஞ்சினின் சூடு பட்ட இடம் அவித்த கிழங்காகக் குழைந்தது. கரையில் எல்லாரும் கண்ணாடி ஹோஸ் என்று பாவிக்கும் பிளாஸ்டிக் குழாய்தான். உள்ளே எண்ணெய் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் கடலுக்குப் போகிறவனுக்கு நிம்மதி. படகில் அது வெளிக்காற்றில் கிடக்கும், ஓடுவதும் மண்ணெண்ணெய், பயமில்லை.

நேற்றுக் காருக்கு அவர் வெட்டிப் போட்டதும் அதே கண்ணாடி ஹோஸ்தான். மூடிக்கிடக்கும் எஞ்சின் அறைக்குள், அந்தக் கொதிப்புக்கு மேலே, மண்ணெண்ணெய் அல்ல, பெற்றோல். கழன்றாலும் புதுப் பம்ப் நிற்காது, சாவித் திறப்பு போட்டிருக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

போன் எடுத்தார். மகளின் லைன் பிஸியாக இருந்தது. மறுபடியும் அதே.

"காரை ஓடிக்கொண்டு ஆரோட கதைக்கிறாள் இவள்?" என்று வெடித்தார். கோபமில்லை, பயம். நிறோஜனின் மோட்டார் சைக்கிளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு பறந்தார். அன்னம்மாத் தாயே, அன்னம்மாத் தாயே என்று ஊர்த் தேவாலயத்துப் புனிதையை வாய் கூப்பிட்டபடியே இருந்தது. தூரத்தில் யாரோ குப்பை எரித்த புகையைக் கண்டு, காரோ என்று எட்டிப் பார்த்ததில் மோட்டார் சைக்கிள் ஒருமுறை தெருவை விட்டு இறங்கியது.

தள்ளாடி என்னும் சந்தி தாண்டி, மன்னார்ப் பாலம் தொடங்கும் இடத்தில் கார் நின்றது. எஞ்சின் மூடி சாத்தியபடி. உள்ளே ஆளில்லை.

"அப்பா!"

நூறு அடி தள்ளித் தெருவோரம் பெற்றிசியா போனோடு நின்றாள்.

"பெற்றோல் மணத்தது. திறப்பைத் திருப்பி எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு ஓடி வந்திட்டன். உங்களுக்குத்தான் அடிச்சுக்கொண்டு நிக்கிறன், முதல்ல லைன் பிஸி, பிறகு நீங்கள் எடுக்கேல்லை."

சூடு ஆறியபின் மூடியைத் திறந்தார். ஹோஸ் கழன்று தொங்கியது. எஞ்சினெல்லாம் பெற்றோல். சந்தியோகு அப்படியே தெருவில் குந்தி, சின்னப்பிள்ளைபோல அழுதார்.

"எனக்குத் தெரியேல்லை பிள்ளை. பிழை விட்டிட்டன்."

தெரியேல்லை என்ற சொல்லைப் பெற்றிசியா அவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவரைத் தூக்கி நிறுத்தினாள்.

"சூடு தாங்கிற கறுத்த றப்பர் ஹோஸ் போட்டால் பெற்றோல் ஓடுறது தெரியாதே அப்பா, பரவாயில்லையோ?"

"அது தெரியத் தேவையில்லை," என்றார் சந்தியோகு. "நீ வீட்டை வாறது தெரிஞ்சால் போதும்."