பதினாறு பக்கம் குறைந்த புத்தகம்

சிவகாசியில் அச்சடித்த எதையும் காசு கொடுத்து வாங்குகிற வழக்கம் கிடையாது. காலண்டர், டைரி, பள்ளிக்கூட நோட்டு எல்லாம் யாராவது ஒருவர் கையோடு வீட்டுக்கு வந்துவிடும். அப்படி வந்ததை வைத்தே காலம் தள்ளியவன்தான் நானும். ஆனால் பேத்திக்கு இலக்கணப் புத்தகம் தேடிய அந்த நாலைந்து மாதத்தில் இந்த வழக்கத்தின் மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பேத்திக்கு இளைப்பு. நாலாம் வகுப்பில் பள்ளிக்கூடம் போனதைவிட ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் அதிகம். ரோட்டுப் புழுதியையும் புகையையும் இழுத்துக்கொண்டு வேனில் வந்து இறங்குவாள். அப்புறம் நெஞ்சுக்குள் விசில் அடிக்கத் தொடங்கும். மருமகள் நர்ஸ். ஒரு நாள் ட்யூட்டி முடிந்து வந்தவள், இந்த வருஷம் மிச்சத்துக்கும் பிள்ளை வீட்டிலேயே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அவளிடம் நானோ என் மகனோ எதிர்த்துப் பேசுவதில்லை. எங்கள் சபைப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஜூனில் பிள்ளையைக் கூட்டி வர வேண்டும். தமிழில் சொந்தமாக ஒரு பக்கம் எழுதிக் காட்டினால் ஐந்தாம் வகுப்பு. இல்லாவிட்டால் மறுபடியும் நாலு.

மறுபடியும் நாலு என்றது பேத்தியின் காதில் விழுந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு மாடியில். கூடப் படித்தவர்கள் எல்லாம் மாடிக்குப் போய்விடுவார்கள், இவள் மட்டும் கீழே இருப்பாள். "நாலுன்னா நான் வேன்லயே ஏற மாட்டேன் தாத்தா" என்றாள். பிடிவாதத்தில் அவள் அம்மாவை உரித்து வைத்தவள். சொன்னால் செய்வாள். அதுதான் எனக்குப் பயம்.

கணக்கையும் இங்கிலீஷையும் மருமகள் எடுத்துக்கொண்டாள். தமிழையும் அவளே சொல்லிக் கொடுப்பாள், புத்தகத்தை மட்டும் நான் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. "நீங்கதான் எல்லாத்தையும் எண்ணிப் பாப்பீகளே மாமா. எது உருப்படின்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். கேலியாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. தீப்பெட்டிக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். எண்ணாமல் எதையும் உள்ளே விட்டுப் பழக்கமில்லை.

விருதுநகரில் பெரிய புத்தகக் கடை இருக்கிறது, போய் நாலையும் புரட்டிப் பார்த்து வாங்கி வருகிறேன் என்றேன். என் மகன் ஆஃப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சிவகாசியில இருந்துக்கிட்டு புத்தகத்த வெலைக்கு வாங்குனா ஆளுக சிரிப்பாகப்பா. எல்லாம் நாங்க அடிக்கிறதுதானே" என்றான். மறுநாளே கைப்பையில் இரண்டு தினுசு கொண்டுவந்தான்.

அவன் புத்தகம் பார்த்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஒரு தாளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். படத்தில் கிளியின் சிவப்பு மூக்குக்கு வெளியே வழியாமல் இருக்கிறதா என்று பார்த்தான். "பேப்பர் நல்ல பேப்பர்ப்பா. கலர் ஒண்ணு மேல ஒண்ணு கரெக்டா உக்காந்திருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தான். உள்ளே என்னடா இருக்கிறது என்று கேட்டதற்கு, இலக்கணம்தான் என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எம். புதுப்பட்டியிலிருந்து என் மச்சான் வந்தார். அவர் பைண்டிங் வேலை பார்த்தவர். அவர் பங்குக்கு இன்னொரு புத்தகம் கொண்டுவந்திருந்தார். கோழியைப் பிடிப்பதுபோல் அதன் முதுகைப் பிடித்து விரித்துக் காட்டினார். "எம்புட்டு கெட்டியா இருக்கு பாருங்க மச்சான். பிள்ள தூக்கி எறிஞ்சாலும் பிரியாது." எறிகிற மாதிரிப் புத்தகமா, படிக்கிற மாதிரிப் புத்தகமா என்று நான் கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. மருமகள் காப்பி கொடுத்து அவரை அனுப்பி வைத்தாள்.

ஆக மூன்று புத்தகம். எண்ணத் தொடங்கினேன்.

மகன் கொண்டுவந்ததில் முதலாவது பளபளவென்று இருந்தது. முந்நூற்று நாற்பது பயிற்சி. கோடிட்ட இடத்தை நிரப்பு, பொருத்து, வட்டமிடு, சரியா தவறா. பிள்ளை சொந்தமாக ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டிய இடம் எத்தனை என்று தனியாக எண்ணினேன். ஒன்பது. முந்நூற்று நாற்பதில் ஒன்பது. மற்ற இடத்திலெல்லாம் கட்டம் போட்டு, அதில் ஒரு சொல் போட்டால் போதும். இதை முடித்த பிள்ளை கட்டம் இல்லாத வெள்ளைத் தாளைக் கண்டால் பேந்தப் பேந்த விழிக்குமா, விழிக்காதா? மச்சானின் கெட்டிப் புத்தகத்தில் விதிகள் மட்டும். பேத்தி ஒரே வாரத்தில் பெயர்ச்சொல் ஆறு வகையையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். எங்கே, மாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுது என்றாள் மருமகள். "மாடு எங்கள் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

மூன்றாவது புத்தகம், மகன் கொண்டுவந்ததில் இன்னொன்று. சுமாரான தாள். அவனுக்கே பிடிக்கவில்லை. ஆனால் அதில் கதை இருந்தது. ஒவ்வொரு கதைக்குப் பிறகும் கொஞ்சம் இலக்கணம், கொஞ்சம் எழுத்து வேலை. முழு வாக்கியங்கள் நூற்றுக்கு மேல் தேறின. இதுதான் என்று மருமகளிடம் கொடுத்தேன். நிம்மதியாக இருந்தது, மூன்று நாளைக்கு.

நாலாம் நாள் பேத்தி புத்தகத்தோடு வந்தாள். "தாத்தா, மறுபடியும் முப்பத்திமூணாம் பக்கம் வருது." வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வரைக்கும் ஒழுங்காகப் போய், திரும்பவும் முப்பத்துமூன்றிலிருந்து நாற்பத்தெட்டு. அதற்கடுத்து அறுபத்தைந்து. நடுவில் பதினாறு பக்கம் காணோம். பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் ஆகும், அதை ஃபாரம் என்பார்கள். ஒரு ஃபாரம் இரண்டு தடவை விழுந்து, அடுத்தது விழாமல் போயிருக்கிறது. எல்லாவற்றையும் எண்ணிய நான் பக்க எண்ணை மட்டும் எண்ணவில்லை. புத்தகத்தில் பக்கம் வரிசையாக இருக்கும் என்று நம்பியதுதான் நான் செய்த தப்பு.

மகன் அசரவில்லை. அதுக்கென்ன, வேற காப்பி எடுத்துட்டு வாரேன் என்றான். ஒன்றல்ல, மூன்று கொண்டுவந்தான். மூன்றிலும் அதே பதினாறு பக்கம் இல்லை. அச்சகத்தில் கழித்துப் போட்ட ஒரே வேஸ்ட் கட்டிலிருந்து உருவினால் வேறு எப்படி இருக்கும்? "ஏலே, நல்லா இருந்தா அத ஏன்லே வேஸ்ட்ல போட்டிருப்பாங்க?" என்றேன். அவனுக்கு அதற்குமேல்தான் உறைத்தது. இப்போது வீட்டில் அந்தப் புத்தகம் நாலு இருந்தது. சேர்த்துப் பார்த்தாலும் ஒரு முழுப் புத்தகம் ஆகவில்லை.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது பேத்தி ஒரு வேலை செய்திருந்தாள். நாற்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு கதை பாதியில் நின்றிருந்தது. எடையில் ஏமாற்றுகிற கடைக்காரர் ஒருவர். யாரோ தட்ட, கதவைத் திறக்கிறார். "வாசலில்" என்ற சொல்லோடு பக்கம் முடிந்துவிட்டது. அறுபத்தைந்தாம் பக்கம் இப்படித் தொடங்கியது: "ஆகையால் அன்று முதல் அந்த ஆடு அங்கேயே இருந்தது." இரண்டும் ஒரே கதை என்று எண்ணிக்கொண்டு, நடுவில் உள்ளதை அவளே எழுதிவிட்டாள். போன வருஷத்து மிச்சக் காலண்டர் எங்கள் வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். அதில் கிழித்த தாளின் பின்பக்கம், ஒன்பது தாள்.

சாப்பிடும்போது வாசித்தாள். வாசலில் ஆடு நிற்கிறது. கடைக்குள் புகுந்து தினசரிக் காலண்டரைத் தீபாவளி வரைக்கும் தின்றுவிடுகிறது. கடைக்காரர் காலையில் பார்க்கிறார், தீபாவளி என்று இருக்கிறது. கடையை அடைத்துவிட்டு எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தூங்குகிறார். அன்றைக்கு ஒரு நாள் ஊரில் எடைச் சண்டையே இல்லை. ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, இந்த ஆட்டைக் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சாமான் வாங்க மாட்டோம் என்கிறார்கள். ஆகையால் அன்று முதல் அந்த ஆடு அங்கேயே இருந்தது.

மகன் சிரித்துப் புரையேறிப் போனான். நான் தாள்களை வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தொரு பிழை. ஒற்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, இல்லாத இடத்தில் இருக்கிறது. சொன்னேன். "தப்ப அப்புறம் எண்ணிக்கிடலாம் மாமா. மொதல்ல கதைய நல்லா இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் மருமகள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிழை பிழைதானே.

எனக்கு மனம் கேட்கவில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளை ஓட்டைப் புத்தகத்தை வைத்துப் படிப்பதா? யாரிடமும் சொல்லாமல் விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர், எந்த ஊர் என்று கேட்டார். தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். "சிவகாசியில இருந்து இங்க வந்து புத்தகம் வாங்குறீகளா?" என்று கடைப் பையன்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் அங்கேயே நின்று, அதே புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

பேத்தி முழுப் புத்தகத்தை வாங்கி நேராக நாற்பத்தொன்பதைத் திறந்தாள். படித்தாள். முகம் சுருங்கியது. வாசலில் ஒரு பெரியவர் நின்று புத்தி சொல்ல, கடைக்காரர் மன்னிப்புக் கேட்கிறார். ஐம்பத்தொன்றில் கதை முடிந்துவிடுகிறது. ஆடு வேறு ஏதோ கதையின் ஆடு. "இது தப்பு தாத்தா" என்றாள். அச்சில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். "அப்ப அச்சுலயே தப்பு."

அதோடு எழுதுவதும் நின்றுபோனது. இப்போது எல்லாப் பக்கமும் இருக்கிறதே, நான் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டாள். கேள்விக்குப் பதில் எழுதினாள், கோடிட்ட இடத்தை நிரப்பினாள். இதைப் போல் ஒரு கதை எழுதுக என்ற இடத்தில் மட்டும் இரண்டு வரி. மே மாதம் பாதி போய்விட்டது. வேலையைக் கெடுத்தது நான் வாங்கி வந்த புத்தகம்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மருமகள்தான் ஒரு வழி செய்தாள். புதுப் புத்தகத்தை எடுத்து, பிள்ளை இன்னும் படிக்காத இடமாகப் பார்த்து, பத்துப் பதினைந்து பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து, சுற்றிலும் ஸ்டேப்ளர் பின் அடித்தாள். டக், டக், டக். புத்தம் புதிய புத்தகம். "இந்தப் பக்கமெல்லாம் வேஸ்ட்" என்று மகளிடம் நீட்டினாள். பிள்ளை மறுபேச்சில்லாமல் காலண்டர் தாளைக் கிழிக்கப் போனாள். இப்படி ஐந்து இடம். எழுதி முடித்தால் பின்னைப் பிடுங்கி, அச்சில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் அச்சுதான் தோற்கும்.

ஜூன் வந்தது. மருமகளுக்குப் பகல் ட்யூட்டி. நான் கூட்டிப் போனேன். தலைமையாசிரியை தன் அறையிலேயே பிள்ளையை உட்கார வைத்து, வெள்ளைத் தாள் கொடுத்து, "எங்கள் ஊர்" என்று ஒரு பக்கம் எழுது என்றார். பிள்ளை தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பென்சில் நகரவில்லை. பிறகு கேட்டாள்: "டீச்சர், முன்னாடி என்ன, கடைசியில என்ன?"

அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல், வேஸ்ட் காப்பியிலிருந்து பின் அடித்தது வரைக்கும் எங்கள் வீட்டு மானத்தை அவர் மேஜையில் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். அங்கே ஒரு வேன் நின்றது. "சரி மக்கா, எழுதிக்கோ. முதல் வரி, காலையில் வேன் வந்தது. கடைசி வரி, சாயங்காலம் வேன் காலியாகத் திரும்பியது." என்னை வெளியே இருக்கச் சொன்னார்.

அவர் வெளியூர்க்காரர். கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்த எனக்கு அந்தக் கடைசி வரி நெஞ்சில் ஏறிக்கொண்டது. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலைகளுக்குக் காலையில் ஆளேற்றிக்கொண்டு போன வேன் சாயங்காலம் காலியாகத் திரும்பினால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எத்தனை வேன் போகிறது என்று தினமும் வாசலில் நின்று எண்ணுகிறவன் நான். இதை எழுதச் சொல்லி ஒரு பிள்ளையிடம் கொடுப்பார்களா? எழுந்து உள்ளே போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன்.

கூப்பிட்டார். தாளை என் கையில் கொடுத்தார். பக்கம் நிறைந்து, பின்பக்கமும் பாதி ஓடியிருந்தது. காலையில் வேன் வந்தது. எல்லாரும் தூக்குச்சட்டியோடு ஏறினார்கள். அன்றைக்குக் கடைசி லோடு போனது. சீசன் முடிந்தது. முதலாளி போனஸ் கொடுத்தார். எல்லாரும் துணி எடுக்கப் பஜாருக்கு நடந்தே போய்விட்டார்கள். ஓர் அக்கா மகளுக்கு ஊதாக் கலரில் பாவாடை எடுத்தாள். டிரைவர் ஆரன் அடித்து அடித்துப் பார்த்தார், ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் வேன் காலியாகத் திரும்பியது.

நான் பிழைகளை எண்ணத் தொடங்கியிருந்தேன். பதினெட்டில் விட்டுவிட்டேன். கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

"பிழை நிறைய இருக்கு. ஆனா அஞ்சுல உக்காரட்டும்" என்றார் தலைமையாசிரியை. பேத்தி மாடிப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிழை குறைவதற்கு, வகுப்புக்கு வைத்திருக்கும் இலக்கணப் புத்தகத்தைக் கட்டாயம் வாங்கிவிட வேண்டும் என்று அவர் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். பளபளவென்று இருந்தது. கிளியின் மூக்கில் சிவப்பு வெளியே வழியாமல் இருந்தது. முந்நூற்று நாற்பது பயிற்சி, ஒன்பது வாக்கியம்.

சாயங்காலம் மகனிடம் சொன்னேன். "அத ஏன் வாங்கணும்? நான் எடுத்துட்டு வாரேன்ப்பா" என்றான்.