பாதி மாற்றிய மணல்

அன்று அம்மாவின் கையிலிருந்து பிடுங்கிய குவளையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

மலேசியாவில், கிள்ளானில் நாங்கள் குடியிருந்த ஃப்ளாட் பெரிய அத்தையுடையது. அப்பாவின் அக்கா. வாடகை வாங்க மாட்டார். நினைத்த நேரத்தில் வந்து எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்வார். திரைச்சீலையின் நிறம், ரசத்தின் புளிப்பு, என் தலைமுடி எல்லாமே அவருடைய பொறுப்பில்தான் இருந்தன.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்பு அவர் பார்வை அப்பாவின் கடல்மீன் தொட்டியில் விழுந்தது. அடியில் கிடந்த பவளக் கற்கள் பழுப்பேறிப் பாசி பிடித்திருந்தன. மாவு போன்ற வெள்ளை மணலை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார்.

"பழசை முழுசா அள்ளிப் போட்டுட்டு இதைக் கொட்டு," என்றார் அம்மாவிடம். "தீபாவளி ஓப்பன் ஹவுஸுக்கு நாலு பேர் வந்து சாப்பிட்டுப் போவாங்க லா."

"சரிக்கா," என்றார் அப்பா. அத்தை லிஃப்டில் இறங்கிய பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது. மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் பழைய கற்களில்தான் வாழ்கின்றனவாம். ஒரேயடியாக எடுத்தால் மீன்கள் செத்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும். இதை அம்மாவிடம் சொன்னார், என்னிடமும் சொன்னார். அத்தையிடம் மட்டும் சொல்லவில்லை. மறுநாள் வேலைக்குப் போய்விட்டார்.

அத்தை சொல்லைத் தட்ட முடியாமல் அம்மா ஒரு பக்கத்திலிருந்து குவளையால் அள்ளத் தொடங்கினார். பாதி வந்ததும் அடியிலிருந்த கறுப்புச் சேறு கலங்கி, அழுகிய முட்டை நாற்றம் வீட்டை நிறைத்தது. கோமாளி மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் குவளையைப் பிடுங்கிக்கொண்டு தொட்டியின் முன்னால் நின்றேன்.

"குடுடா. அத்தை வந்தா என்ன சொல்றது?"

"மீன் சாகும்னு சொல்லுங்க."

அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா மீன்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அப்பா கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கலங்கிய தண்ணீரை மாற்றினார். காலியான பக்கத்தில் மட்டும் புது மணலை அலசிப் பரப்பினார்.

தீபாவளியன்று தொட்டி ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் பழுப்பு. அத்தை முறுக்குத் தட்டோடு அதன் முன் நின்று, வந்தவர்கள் காதில் விழும்படி சிரித்தார்.

"என்ன, பாதியிலேயே கை வலிச்சிருச்சா? சாயங்காலத்துக்குள்ள மிச்சத்தையும் அள்ளிரு."

அப்பா முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினார்.

"அள்ள மாட்டேன், அண்ணி," என்றார் அம்மா. "எல்லாத்தையும் எடுத்தா மீன் செத்துரும். கொஞ்சம் கொஞ்சமா நானே மாத்திக்கிறேன்."

"யாரு வீட்டுல நின்னு பேசுற?"

"உங்க வீடுதான், அண்ணி. மீனு எங்களோடது."

அத்தை தட்டை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கை நடுங்கியது.

இப்போது என் பிள்ளைகள் எதற்காவது முடியாது என்று எதிர்த்து நிற்கும்போது, நல்லது, நில்லுங்கள் என்றுதான் சொல்கிறேன். சொல்லிவிட்டு, அவர்கள் தலைக்கு மேலிருக்கும் கூரையைப் பார்க்கிறேன். அத்தை வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தால் எங்கே போயிருப்போம் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று எனக்குத் தெரிந்தது மீன்கள் மட்டும்தான். அவை பிழைத்துவிட்டன, நாங்கள் ஜெயித்துவிட்டோம். அம்மாவின் கை நடுங்கியது மணல் அள்ளிய களைப்பாக்கும் என்று நினைத்து, அவர் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.