படம் போதும் என்று சொன்னவன் நான்

எங்கள் கடைப் பலகையில் எழுத்தே கிடையாது. திருத்தணி மலையடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டு விற்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஆந்திரா பக்கத்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. அதனால் பெயின்டரை வைத்துத் தேங்காய், பழம், கற்பூரம் என்று படமாகவே வரைந்துவிட்டேன். விரலை நீட்டுவார்கள், எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பலகைமேல் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் மனைவி டீச்சராக இருந்தவள். சர்க்கரை நோய் முதலில் அவளுடைய ஒரு கண்ணை எடுத்தது, அடுத்த வருஷமே மறு கண்ணையும். பிறகு மாத்திரை, புடவை நிறம், பஸ் படி எல்லாமே நான் கையைப் பிடித்துச் சொல்கிற காரியமாகிப் போயின. இரண்டே இரண்டு மட்டும் அவளுடையதாக மிஞ்சின. ஒன்று, முருகன் கொடுத்த குரல். இன்னொன்று, பேசும் செல்போன். திரைமேல் விரல் வைத்தால் அங்கே இருக்கும் எழுத்தைப் படித்துச் சொல்லும். இரண்டு தட்டு தட்டினால் அந்தக் காரியம் நடக்கும்.

எங்கள் பஜனை சபைக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. கிருத்திகைக்குப் பாடுகிறவர்கள் அதில்தான் பேர் கொடுக்க வேண்டும். அவளே கொடுப்பாள். நான் அவளுக்கு அத்தை மகன். பாவா என்றுதான் கூப்பிடுவாள். "ஆச்சு பாவா, மூணாவது ஆளு நானு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள்.

அந்தப் பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்து. எனக்கு ஒன்றும் புரியாது. கண் இருக்கிற நான் கண் இல்லாதவளிடம் "இது இன்னாமே?" என்று கேட்டு நிற்பேன். அது எனக்கு வெட்கமாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் சபைக் கூட்டத்தில் பக்கத்தை மாற்றப்போவதாகச் செயலாளர் சொன்னார். அரக்கோணத்தில் வேலை பார்க்கிறவர், பக்கத்தை உண்டாக்கியவரும் அவர்தான். உடனே தகராறு.

"இங்கிலீஷு யாருக்குப் புரியுது? தமிழ்ல போடுங்க" என்றார் ஒருவர்.

"எங்க ஊட்ல எல்லாம் தெலுங்குதான் படிப்பாங்க. அவங்க இன்னா, செருப்பு வுடற எடத்துலயே நிக்கறதா?" என்றார் நெசவு வேலை செய்கிற இன்னொருவர்.

நான் எழுந்தேன். "எழுத்தே வேணாங்க. படம் போதும். பாடறதுக்கு ஒரு மைக்கு. பேரை எடுக்கணும்னா ஒரு ஆளு, அவன் மேல ஒரு பெருக்கல் குறி. என் கடையைப் பாருங்க, எவனாவது கற்பூரம் கேட்டுட்டு தேங்கா வாங்கிகினு போறானா?"

எல்லோரும் சிரித்தார்கள். "அஞ்சாங்கிளாஸ் பஞ்சாயத்தை முடிச்சிடுச்சுப்பா!" என்று யாரோ கத்தினார். கை தட்டினார்கள். எனக்காக இத்தனை பேர் கை தட்டி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"படத்துக்குக் கீழ எழுத்து இருக்கும் இல்ல பாவா?"

"ஆங், இருக்கும் இருக்கும்."

நான் கேட்கவே இல்லை. அப்படி ஒன்று கேட்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் என் புத்தியில் ஏறவில்லை. அதற்கப்புறமாவது செயலாளரிடம் சொல்லியிருக்கலாம். கைதட்டலின் சுகத்தில் அதையும் மறந்தேன்.

புதுப் பக்கம் வந்தது. எனக்கு எல்லாம் பார்த்தவுடன் புரிந்தது. அவள் விரல் வைத்தாள். "பட்டன்" என்றது போன். அடுத்ததில் வைத்தாள். "பட்டன்." கடைசிவரைக்கும் அதே சொல். எழுத்து இருந்தால்தானே அது படிக்கும்?

"எண்ணி வச்சிக்கமே. மூணாவது பாடறதுக்கு, நாலாவது பேரை எடுக்க, அஞ்சாவது வரிசையைச் சொல்லும்" என்று நான்தான் மனப்பாடம் செய்ய வைத்தேன். ஆடிக் கிருத்திகைக்குப் பேர் கொடுத்தாள். சரியாக விழுந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று கடைக்குப் போய்விட்டேன்.

நடுவில் செயலாளர் அன்னதானத்துக்கு என்று முதல் இடத்தில் ஒரு படம் சேர்த்திருக்கிறார். எல்லாம் ஒரு இடம் தள்ளிப் போயிருக்கிறது. எத்தனையாவது ஆள் என்று கேட்க அவள் ஐந்தாவதைத் தட்டியிருக்கிறாள். அது இப்போது பேரை எடுக்கிற படம். ஒரு சிவப்புக் குறி மட்டும் வந்திருக்கும். போன் எதுவும் சொல்லவில்லை. சிக்னல் இல்லையோ என்று விட்டுவிட்டாளாம்.

ஆடிக் கிருத்திகை அன்று ஊரே காவடியும் அரோகராவுமாக இருந்தது. பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னால் நகர்வாள். மங்களம் பாடி முடிக்கும்வரை அவள் பேர் வரவில்லை.

நான் ஓடிப்போய்க் கேட்டேன். "டீச்சரம்மா அவங்களே பேரை எடுத்துட்டாங்களேண்ணா! ஒடம்புக்கு முடியலையோன்னு நெனச்சோம்" என்றார் செயலாளர். அவள் படங்களை எண்ணித்தான் தட்டுகிறாள் என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "படத்தோட எழுத்தும் சேக்கறது ஒரு நாள் வேலைண்ணா. யாருனா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அந்த யாரோ நான்தான். அவள் கேட்டாள், நான் பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்து அதையும் சொல்லிவிட்டேன். "பரவால்ல வுடுங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

சொன்னபடியே செயலாளர் அடுத்த வாரம் எல்லாப் படத்துக்கும் கீழே தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து போட்டுவிட்டார். அவள் போனைத் தொடவில்லை. அடுத்த கிருத்திகைக்கு நானே அவள் பேரைக் கொடுத்தேன். மகிழ்வாள் என்று நினைத்தேன்.

"பேரை எடுத்துடுங்க பாவா. அங்க போயி உக்காந்துகினு, பேரு இருக்குமா இருக்காதான்னு கேட்டுகினு கெடக்க என்னால முடியல."

எவ்வளவோ கெஞ்சினேன். முருகன் படத்துக்கு முன்னால் நிற்க வைத்துக்கூடக் கேட்டேன். "எடுத்துடுங்க" என்றாள் மறுபடியும்.

அவளுடைய போனையே எடுத்தேன். பெருக்கல் குறி போட்ட ஆள், நான் சொன்ன அதே படம். அதன்மேல் விரலை வைத்தேன். "பெயரை நீக்கு" என்று போன் தெளிவாகப் படித்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு தட்டு தட்டினேன்.