இரண்டாம் பாகத்தில் தொடங்கச் சொன்னவர்

எங்கள் நூலகத்தில் என் சித்தியின் பெயர் யாருக்கும் தெரியாது. திரும்பி வரும் புத்தகங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி, அலமாரி அலமாரியாகக் கொண்டுபோய் வைப்பது அவர் வேலை. அதனால் அவர் வண்டியம்மா. பதினாறு வருடமாக அதே பெயர்தான். ராஜ்ஜியங்களும் பறக்கும் மிருகங்களும் முதல் பக்கத்தில் ஒரு வரைபடமுமாக, பாகம் பாகமாக நீளும் கற்பனைத் தொடர்களைத் தேடி வருகிறவர்கள் நூலகரிடம் போவதில்லை. வண்டி எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்து அங்கே போவார்கள்.

நான் அங்கே பயிற்சி உதவியாளராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நூலக அறிவியலில் பட்டம். சித்தி எட்டாவதோடு நின்றவர். நான் உட்காரும் நாற்காலிக்கு அடியில் அவர்தான் கூட்டுகிறார். முதல் நாளே நாலு வாசகர்களுக்கு முன்னால், "மேடம், காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஏன் அப்படிக் கூப்பிட்டார் என்று கேட்டேன்.

"பின்ன, 'ஏய் கழுதை, காலைத் தூக்கு'ன்னா நல்லாவா இருக்கும்?"

அவர் ஒரு தொடரைச் சிபாரிசு செய்யும் விதத்தை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. புத்தகத்தை மூடிப் பிடித்து, தாள்கள் வெட்டப்பட்டிருக்கும் ஓரத்தைப் பார்ப்பார். பலர் கைபட்ட பக்கங்களின் ஓரம் பழுப்பேறி இருக்கும். யாரும் தொடாத பக்கங்கள் வெள்ளையாக இருக்கும். "இங்க பாரு, இருநூறு பக்கம் வரைக்கும் அழுக்கு, அப்புறம் பளிச்சுன்னு இருக்கு. அந்த எடத்துல எழுதினவரு எல்லாரையும் சதுப்பு நிலத்துல இறக்கி விட்டுட்டாரு. ஒருத்தரும் கரையேறல." அந்தத் தொடரைக் கொடுக்கும்போது இப்படிச் சொல்லி அனுப்புவார்: "இருநூறுல ஒரு சதுப்பு வரும். பல்லக் கடிச்சிக்கிட்டு நாப்பது பக்கம் தாண்டிடுங்க. அந்தப் பக்கம் நல்ல ஊரு."

ஓரம் கடைசிவரை பழுப்பாக இருந்தால் எதுவும் சொல்லமாட்டார். அது தானே ஓடும் என்பார்.

ஆளையும் அப்படித்தான் பார்ப்பார். ஊர்ப் பெயர் நிறைய வந்தால் திணறுவீர்களா, செத்தவர்கள் திரும்பி வந்தால் கோபம் வருமா என்று கேட்பார். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வாரத்துக்கு இரண்டு தடிமனான புத்தகம் முடிப்பவர். அவருக்குப் போர்க்களம் அதிகமுள்ள கதையைச் சித்தி கொடுப்பதே இல்லை. "வயித்துல ஈட்டி வாங்கினவன் அடுத்த பக்கத்துல குதிரை ஏறினா அந்தம்மாவுக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது" என்பார். நான் பட்டியல் பார்த்து, நட்சத்திர மதிப்பெண் பார்த்து, நர்ஸம்மாவுக்கு ஒரு பரிசு பெற்ற தொடரைக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தது. பட்டம் வாங்க மூன்று வருடம் எதைப் படித்தேன் என்று அன்று எனக்கே சந்தேகம் வந்தது.

சித்தி வாசகரானதே தூசியால்தான். சேர்ந்த புதிதில் அடித்தட்டில் ஐந்து தடிமனான புத்தகங்கள் யாரும் எடுக்காமல் கிடந்தன. 'பனிக்கதவு' என்ற தொடர். மொத்தம் ஆறு பாகம். முதல் பாகத்தை யாரோ எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை. தலையில்லாத தொடரை யார் எடுப்பார்கள்? வாராவாரம் அந்த ஐந்தையும் துடைத்துத் துடைத்து, ஒரு நாள் எரிச்சலில், இதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று இரண்டாம் பாகத்தைப் பிரித்தாராம். நாலு மாதத்தில் ஆறாம் பாகம் முடிந்தது. பிறகு அவருக்குத் தாங்கவில்லை. கண்ணில் பட்டவர் கையில் எல்லாம் இரண்டாம் பாகத்தைத் திணித்தார். முதல் பாகம் எங்கே என்று கேட்டவர்களுக்கு வண்டியின் பக்கத்தில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் அதையும் சொன்னார்.

"ஒரு அக்கா, ஒரு தம்பி. அப்பா ராஜா, செத்துட்டாரு. வடக்கு மலையில ஒரு கதவு. அதத் திறந்தா நாடே உறைஞ்சிடும். சாவி அக்காகிட்ட. தம்பிக்குப் பொறாமை. சாவியத் திருடிக் கதவத் திறந்துட்டான். பாதி நாடு போச்சு. இப்ப நீங்க ரெண்டாம் பாகத்தப் பிரிங்க."

மற்ற ஐந்து பாகங்களிலும் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கி அவரே கட்டிய முதல் பாகம் அது. ஆரம்பத்தில் 'திறந்திருப்பான்' என்றுதான் சொன்னாராம். வருடம் போகப் போக 'திறந்திருப்பான்' 'திறந்துட்டான்' ஆகிவிட்டது. யாரும் கேள்வி கேட்கவில்லை. எப்படியும் அறுபது எழுபது பேர் சித்தியின் வாய்வழியாகத்தான் பனிக்கதவுக்குள் நுழைந்திருப்பார்கள். அந்த ஐந்து புத்தகங்களின் ஓரமும் இன்று கடைசிப் பக்கம் வரை பழுப்பு.

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை காலை வாசகர் கூட்டம் நடக்கும். வழக்கமாக வெளியிலிருந்து யாராவது வந்து பேசுவார்கள். இந்த முறை தொடர் நாவல்களைப் பற்றிச் சித்தி பேசட்டும் என்று நூலகரிடம் நான்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "வண்டியம்மாவா?" என்றார். "உங்க சித்திங்கறதால சொல்றீங்களா?"

"இல்ல சார். சித்தியா இல்லாம இருந்தா இன்னும் சீக்கிரம் கேட்டிருப்பேன்."

அது உண்மைதான். ஏழு மாதம் ஏன் கேட்காமல் இருந்தேன் என்பதும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. நாற்காலிக்கும் துடைப்பத்துக்கும் உள்ள உறவு ஊருக்குத் தெரியவேண்டாம் என்று எனக்குள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

கூட்டத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, வீடு மாறிப் போகும் ஒருவர் ஒரு சாக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பதிவு செய்ய ஒவ்வொன்றாக எடுத்தேன். நாலாவதாகக் கையில் வந்தது பனிக்கதவு, முதல் பாகம்.

இரண்டு மதிய இடைவேளையிலும் நடுவில் ஓர் இரவிலுமாகப் படித்து முடித்தேன். முன்னூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. கதவைத் திறந்தவன் தம்பி இல்லை. அக்கா. செத்துப்போன அப்பாவின் குரல் கதவுக்கு அப்பால் கேட்கிறது. அழுதுகொண்டே அவள் திறக்கிறாள். தம்பி பார்த்துவிடுகிறான். ராணியாகிவிட்ட அக்காவே திறந்தாள் என்று தெரிந்தால் மிச்ச நாடும் சிதறும் என்று பழியைத் தான் வாங்கிக்கொள்கிறான். பிறகு வரும் ஐந்து பாகங்களிலும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

புத்தகத்தை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கூட்டம் முடியட்டும், பிறகு கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். இத்தனை பேர் முன்னால் அவர் நாக்கு தடுமாறிவிடக்கூடாது என்றும் சொல்லிக்கொண்டேன். மூன்று நாள் அந்தச் சமாதானம் தாங்கியது. நாலாம் நாள்தான் உறைத்தது. நான் காப்பாற்றப் பார்த்தது சித்தியை இல்லை, சித்தியைச் சிபாரிசு செய்த என்னை. படித்தவள் சொன்ன ஆள் தப்பு என்று நூலகர் நினைத்துவிடுவாரே என்ற பயம். பூட்டைத் திறந்து, புத்தகத்தைக் கொண்டுபோய் வண்டியில் வைத்தேன்.

சித்தி ஓரத்தைப் பார்த்தார். "ஒருத்தர் கைதான் பட்டிருக்கு" என்றார். பிறகுதான் அட்டையைத் திருப்பினார்.

"இது எப்ப வந்துச்சு?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னைக்கு செவ்வாய்."

"ஆமா சித்தி."

புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த நாள் கணக்கே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த இரண்டு நாள் வண்டி நிரம்பியபடியே நின்றது. இதற்கு முன்னால் அப்படி நடந்ததே இல்லை என்றார் காவலாளி. சித்தி சரித்திரப் பிரிவுக்குப் பின்னால் குட்டை முக்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். வியாழன் மாலை புத்தகத்தை மூடி என்னிடம் வந்தார். "நாலாம் பாகத்துல தம்பிக்காரன் சாப்பிட உட்கார்ந்தா அக்காக்காரி எந்திரிச்சுப் போயிடுவா. திருடன்னா திட்டணும். இவ ஏன் ஓடுறான்னு எனக்கு உதைச்சிக்கிட்டே இருந்துச்சு. உதைச்சது சரிதான். நான்தான் கதவத் திறந்து பாக்கல."

கூட்டத்தில் பேசுவதற்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தத் தாள் அவர் படித்த புத்தகத்தில் பக்க அடையாளமாக மடங்கிக் கிடந்தது.

சனிக்கிழமை நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். முன்வரிசையில் கணக்கு வாத்தியார். ஓய்வுபெற்று ஒன்பது வருடம் ஆகியும் யாரையாவது திருத்தாமல் அவருக்குப் பொழுது போகாது. பனிக்கதவை மூன்று முறை முடித்தவர். சித்தி மைக்கைத் தொடவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எதப் படிக்கலாம்னு அப்புறம் சொல்றேன். மொதல்ல ஒரு தப்ப ஒத்துக்கணும். பனிக்கதவு மொதல் பாகம்னு உங்க எல்லாருக்கும் ஒரு கதை சொன்னேன்ல. நேத்து முந்தாநாள்தான் அந்தப் புத்தகத்தப் படிச்சேன். நான் சொன்னதுல ஒரு விஷயம் தப்பு. சின்ன விஷயம் இல்ல. அச்சாணியே அதுதான்."

கூடத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. நூலகர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

கணக்கு வாத்தியார் எழுந்தார். "அப்போ இத்தன வருஷமா எங்களுக்குத் தப்பான விடை கொடுத்திருக்கீங்க."

"விடைதான் சார் தப்பு. வழியெல்லாம் ஒழுங்கா போட்டிருக்கேன். நீங்க பாதி மார்க்காவது போடுவீங்கன்னு நெனச்சேன்."

கூடம் சிரித்தது. அவர் உட்காரவில்லை. "சரி, எது தப்பு? சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்."

"என்னம்மா இது, தப்புன்னு சொல்லிட்டு..."

"சொன்னா அது மறுபடியும் என் கதைதான் சார். ஒரு தடவை என் வாயால கேட்டுத்தான் ஏமாந்தீங்க. இந்தத் தடவை புத்தகத்துக்கிட்டயே கேளுங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் கை தூக்கினாள். அவள் தொடரையே தொடாதவள். "நான் இனிமேதான் ஆரம்பிக்கணும். அப்போ ஒண்ணுலேருந்து படிக்கட்டுமா, ஆன்ட்டி?"

சித்தி யோசித்தார். இதற்கு என்ன சொல்வார் என்று எனக்கும் தெரியவில்லை. நான் எழுதிக் கொடுத்த தாளில் 'முதல் பாகத்திலிருந்து' என்றுதான் இருந்தது.

"எழுதினவரு ஒண்ணுலேருந்துதான் வெச்சிருக்காரு. அது அவரு கணக்கு. நீ ரெண்டுல ஆரம்பி கண்ணு. ஆறு வரைக்கும் போ. அந்த நாட்டு ஜனங்க என்ன நெனச்சாங்களோ அதயே நீயும் நெனை. கடைசியா ஒண்ணாம் பாகத்த எடு. எடுத்தா முகம் சிவந்து போயிடும். எனக்கு வியாழக்கிழமை சிவந்துச்சு. இத்தன வயசுல ஒரு புத்தகம் என்னைத் தலைகுனிய வெச்சது நல்லாத்தான் இருக்கு. அத உனக்கு இல்லாமப் பண்ண மனசு வரல."

யாரும் கைதட்டவில்லை, அதற்கு நேரமில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. பனிக்கதவை முடித்தவர்கள் எல்லாம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். இருபத்தேழு பேர் முன்பதிவு செய்தார்கள். கணக்கு வாத்தியார் ஒன்பதாவது. "வயசுக்கு மரியாதை இல்லையா?" என்றார். நர்ஸம்மா, அவர்தான் முதல் ஆள், "வயசுல நான் உங்களுக்கு மூத்தவ" என்று புத்தகத்தோடு போய்விட்டார்.

நுழைவாசலில் பரிந்துரைப் பட்டியல் ஒன்று வைக்கலாம் என்று திங்கட்கிழமை நூலகரே சொன்னார். நான் தட்டச்சு செய்தேன். 'பனிக்கதவு: 2, 3, 4, 5, 6, பிறகு 1.' நூலகர் பேனாவை எடுத்தார். "எண் வரிசை மாறியிருக்கே. பாக்கறவங்க நமக்குக் கணக்கே தெரியாதுன்னு நெனப்பாங்க."

"நெனைக்கட்டும் சார். கீழ வண்டியம்மா பரிந்துரைன்னு போட்டிருக்கேன். அவங்க என் சித்தின்னும் கேக்கறவங்களுக்குச் சொல்வேன்."

பேனாவை மூடிவிட்டார்.

இரண்டரை மாதம் கழித்துக் கணக்கு வாத்தியாரின் முறை வந்தது. நாலே நாளில் திரும்பி வந்தார். என் மேசையைத் தாண்டி நேரே வண்டியிடம் போனார். புத்தகத்தை அடுக்கின்மேல் வைத்துவிட்டு, வைத்த இடத்திலேயே கையை ஊன்றி நின்றார்.

"அந்தப் பையனை மூணு தடவை படிச்சும் மூணு தடவையும் திட்டியிருக்கேம்மா."

"நான் ஊருக்கே சொல்லித் திட்ட வெச்சிருக்கேன் சார்."

"மன்னிப்புக் கேக்கணும் போல இருக்கு."

"கேக்கலாம். உங்களுக்கு முன்னாடி எட்டுப் பேர் இருக்காங்க. வரிசையில வாங்க."