மருமகளைக் கேட்டு வந்தவர்

திண்டுக்கல்லில், வீட்டில் அடிபட்டு வரும் பெண்களைத் தங்கவைக்கும் ஓர் அமைப்பில் கணினி வேலை பார்க்கிறேன். இங்கே தங்கியிருக்கும் ஒரு பெண்ணின் மாமியார், சாணார்பட்டிப் பக்கமிருந்து வாராவாரம் வருவார். ஒடிசலான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் மருமகளுக்கென்று ஒரு முழம் மல்லிகை. மருமகள் அதைத் தொடமாட்டாள்.

"அவரு அடிக்கிறப்ப சத்தம் வெளிய கேக்காம கதவச் சாத்துறதே அத்தைதான்" என்று வந்த அன்றே சொல்லியிருந்தாள்.

கடைசியாக வந்தபோது அந்த அம்மாவின் இடது கை வீங்கியிருந்தது. அதை என் மேசைமேல் எடுத்து வைத்தார்.

"அவள அனுப்பி வையி தாயி. அவ இல்லாம இப்ப என்னயப் போட்டு அடிக்கிறான். கதவச் சாத்தக்கூட ஆளில்ல, ஊரே வேடிக்க பாக்குது."

"நீங்களும் இங்கயே இருந்துக்கங்கம்மா."

"நல்லாருக்கே. அப்புறம் எம்மகனுக்கு யாரு சோறாக்குறது?"

சிரித்துக்கொண்டே பேருந்துக்குக் கிளம்பிவிட்டார்.

வீங்கிய கையைப் பற்றி மருமகளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் மனசு கேட்காமல் அன்றே பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுவாள். இது எனக்குத் தெரியும். கையைக் காட்டிய அந்த அம்மாவுக்கும் தெரிந்திருந்ததா என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.