மச்சானின் கெம்பஸ்

எனக்குப் பொறாமைதான். மறைக்க என்ன இருக்கிறது? என் மாமியின் மகன் கொழும்பில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கூடைப்பந்துக் கழகத்தில் சம்பளத்துக்கு விளையாடுகிறான். நெஞ்சில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுக்கொண்டு பெருநாளைக்கு ஊருக்கு வருகிறான். ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டவன்! மாமியோ எங்கள் ஊர் கண்டக்குழி முழுக்க, "எங்கட மகன் கெம்பஸ்ல இரிக்கிறான்" என்று சொல்லித் திரிகிறார். அவன் தங்கியிருப்பது அந்தப் பல்கலைக்கழகத்துக்குள்தான் என்பதால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. பெண் வீட்டாரும் கேட்டு வரத் தொடங்கிவிட்டார்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும்.

எங்கள் ஆடுகளம் கடலோரத்தில் ஒரு சீமெந்துத் தரை. கடலிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் அங்கே வளையத்துக்கு நேரே பந்தெறிபவன் மடையன். ஒரு முழம் கடல் பக்கமாக எறிய வேண்டும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். ஊரிலேயே அந்தக் கணக்குக் கைவந்தவன் நான். மச்சானுக்கு அது கடைசி வரை பிடிபடவில்லை. நேரே எறிவான். பந்து தென்னங்காணிக்குள் போய் விழும்.

அந்தக் கழகத்துக்கு ஆளெடுக்கிறார்கள் என்று அறிந்து இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். இருந்தது ஒரே ஓர் இடம். அது எனக்குத்தான் என்று ஊரே சொன்னது. அவன் எனக்குத் துணைக்கு வந்தவன்.

தெரிவு நடந்தது உள்ளரங்கில். நாலு பக்கமும் சுவர், பொட்டுக் காற்று இல்லை. அது என் மூளைக்குத் தெரிந்தது, பாழாய்ப்போன கைக்குத் தெரியவில்லை. நான் எறிந்ததெல்லாம் வளையத்துக்குப் பக்கத்தால் போனது. மச்சான் வழக்கம்போல நேரே எறிந்தான். எறிந்ததெல்லாம் வளையத்துக்குள் விழுந்தது. யா அல்லாஹ், காற்றைப் படிக்காதவனுக்கா பரிசு!

"எல்லாம் நசீப், மகன். அவனுக்கு எழுதினது அவனுக்கு" என்றார் உம்மா.

"அப்ப நான் பழகினது ஆருக்கு உம்மா?"

உம்மா சோற்றைப் போட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

விடுவேனா? கனமூலை ஊரில் தெரிந்த ஒருவரின் சாமான் அடுக்கும் ஸ்டோர் வெறுமனே கிடந்தது. அதன் சுவரில் ஒரு வளையத்தை அடித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, வியர்வை ஒழுக ஒழுக, அடுத்த சோளகம் வரும் வரைக்கும் நேரே எறிந்து பழகினேன். கடைசியில் கை திருந்தியது. இனி எந்த அரங்கிலும் என் பந்து தப்பாது.

அந்தச் சோளகத்தில்தான் கழகத்து ஆட்கள் எல்லாரும் கடல் பார்க்க எங்கள் ஊர் விடுதிக்கு வந்தார்கள். பின்னேரம் எங்கள் தரையில் இறங்கி விளையாடினார்கள். ஊரே கூடி நின்றது. சம்பளம் வாங்குகிற கைகள் எறிந்த பந்தெல்லாம் தென்னங்காணிக்குள் பறந்தன. மச்சானுடையதும்தான். நான் வாய்விட்டுச் சிரித்தேன், நெடுநாளைக்குப் பிறகு.

பயிற்றுநருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் காற்றில் பந்து போடக்கூடியவன் எவனாவது ஊரில் இருக்கிறானா என்று சிங்களத்தில் கேட்டார். மச்சான் யோசிக்கவே இல்லை. என் கையைப் பிடித்துக் களத்துக்குள் இழுத்தான்.

"ஒரு எடம் காலியா இரிக்கி மச்சான்" என்றான் காதுக்குள். "அவருக்கு ஒருக்காக் காட்டு. ஒன்ன விட்டா இதுக்கு ஆள் ஆரு?"

அவன் நல்லவனாக இருந்தது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பந்தை வாங்கினேன். கடலைப் பார்த்தேன். ஒரு முழம், ஒரு முழம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கை கேட்கவில்லை. கனமூலை ஸ்டோருக்குள் எறிகிற மாதிரியே நேரே எறிந்தது.

பந்து காணிக்குள் போய் விழுந்தது. ஊர் "ச்சே" என்றது. பயிற்றுநர் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

மச்சான் என் தோளில் கைபோட்டான்.

"காத்து கூடுதல் மச்சான்" என்றான்.

காற்றைப் பற்றி, அவன், எனக்குச் சொல்கிறான்.